ஒரு கிராம் கரியில் கால் ஏக்கர்

எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டி வைத்துத் துணி தேய்ப்பவர், இன்றும் தம் பித்தளைப் பெட்டியில் கொட்டாங்கச்சிக் கரியைத்தான் போடுகிறார். சென்ற ஆண்டு எங்கள் கல்லூரி பி.எஸ்ஸி. மாணவர்கள் சிலர் அவரிடம் ஒரு கை கரி கேட்டு வாங்கி வந்தார்கள். அதைப் பொடித்துச் சலித்து, நீல மை கலந்த நீரில் போட்டு நன்றாகக் குலுக்கி வடிகட்டினார்கள். நீலம் சற்றே வெளுத்தது. அடுத்து, வண்ணமீன் விற்கும் கடையில் வாங்கிய கருப்புக் குருணையை அதே எடை நிறுத்து, அதே சல்லடையில் சலித்து, அதே மை நீரில் போட்டார்கள். கால் மணி நேரத்திற்குள் நீர் கண்ணாடிபோல் தெளிந்துவிட்டது. இத்தனைக்கும் அந்தப் பொட்டலத்தின் மேல் 'தேங்காய் ஓட்டுக் கரி' என்றே அச்சிட்டிருந்தது.

"இரண்டும் தேங்காய் ஓடுதானே சார், பிறகு ஏன் இந்த வேறுபாடு?" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. அன்றைய வகுப்பு முழுவதும் அதிலேயே போயிற்று.

இந்தக் கருப்புக் குருணைக்குக் கிளர்வுற்ற கரி என்று பெயர். வணிகர்கள் ஆக்டிவேட்டட் கார்பன் என்பார்கள். வீட்டுக் குடிநீர்க் கருவியின் உள்ளே இருப்பதும், ஆலைத் தொழிலாளர் அணியும் வாயு முகமூடியில் இருப்பதும் இதுவே. சாதாரணக் கரிக்கும் இதற்கும் தனிமத்தில் வேறுபாடு இல்லை, இரண்டும் கார்பன். வேறுபாடு பரப்பில் இருக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு கிராம் கரியை ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரமாகக் கொள்வோம். ஆறு முகங்களின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். ஏறக்குறைய ஓர் அஞ்சல் தலையின் அளவு. அதை ஒரு மில்லிமீட்டர் குருணையாக உடைத்தால் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர் ஆகும். விடாமல் அரைத்து, ஒவ்வொரு துகளும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு மைக்ரான் ஆகும்படி செய்துவிட்டதாகக் கொள்வோம். அப்போதும் மொத்தப் பரப்பு 6 சதுர மீட்டர்தான். மூன்று நான்கு பாய் விரிக்கலாம். ஆனால் நல்ல கிளர்வுற்ற கரியின் பரப்பு கிராமுக்கு 1000 சதுர மீட்டர், சிலவற்றில் அதற்கும் மேல். நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 25 சென்ட், அதாவது கால் ஏக்கர் நிலம்! அரைத்து அரைத்து இந்த அளவை எட்ட முடியாது. பரப்பு வெளியே இல்லை, கரியின் உள்ளே இருக்கிறது.

எவ்வளவு உள்ளே என்பதற்கு இன்னொரு கணக்கு. ஒரு கிராம் கார்பனை ஓர் அணுவின் கனமே உள்ள ஒற்றைத் தாளாக விரித்துவிட முடியுமானால், ஒரு பக்கம் சுமார் 1300 சதுர மீட்டர், இரு பக்கமும் சேர்த்து 2600 சதுர மீட்டருக்குச் சற்று மேல் வரும். இதுவே கார்பன் தாளுக்கு உச்சவரம்பு. அதில் 1000 கிடைக்கிறது என்றால், ஐந்தில் இரண்டு பங்கு முகம் திறந்து கிடக்கிறது என்று பொருள். கரி என்று நாம் கையில் எடுப்பது பெரும்பாலும் சுவர்களும் அவற்றுக்கு இடைப்பட்ட வெற்றிடமும்தான். (3000 சதுர மீட்டருக்கு மேல் கண்டதாகவும் ஆய்வுக் கட்டுரைகள் உண்டு. தாள்களின் ஓரங்களும் பரப்பில் சேரும் என்பது ஒரு காரணம். அளக்கும் முறை சற்றுக் கூட்டியே காட்டும் என்பது மற்றொன்று.)

கண்ணுக்குத் தெரியாத இந்தப் பரப்பை அளப்பது எப்படி? 1938-இல் புருனோர், எம்மெட், டெல்லர் ஆகிய மூவர் ஒரு வழி சொன்னார்கள். இவர்களுள் டெல்லர்தான் பிற்காலத்தில் ஹைட்ரஜன் குண்டோடு பேசப்பட்டவர். கரியைச் சுழிக்குக் கீழ் 196 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிரவைத்து, அதன் மேல் நைட்ரஜன் வாயுவைச் செலுத்துவார்கள். மூலக்கூறுகள் சுவர்களில் போய்ப் படியும். ஒரு மூலக்கூறு அடைத்துக்கொள்ளும் இடம் தெரியும். எத்தனை மூலக்கூறுகள் ஒரே அடுக்காகப் படிந்தன என்று கணக்கிட்டுப் பெருக்கினால் பரப்பு கிடைத்துவிடும். தரையில் எத்தனை ஓடு பதித்தோம் என்பதைக் கொண்டு அறையின் பரப்பைச் சொல்வது போன்றதே இது. 1000 சதுர மீட்டரை மூட, சாதாரண அழுத்தத்தில் சுமார் 230 கன சென்டிமீட்டர் நைட்ரஜன் வேண்டும். ஒரு தேக்கரண்டிகூட நிரம்பாத கரி, ஒரு டம்ளர் வாயுவை விழுங்கிவிடுகிறது.

விழுங்குகிறது என்றாலும் இது பஞ்சு நீரை உறிஞ்சுவது போன்றதன்று. உறிஞ்சும்போது பொருள் உள்ளே பரவிக் கலக்கும். இங்கே மூலக்கூறுகள் சுவரின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. இதைப் பரப்புக் கவர்தல் என்பர். ஒட்டவைப்பது வான்டர்வால்ஸ் விசை. எல்லா மூலக்கூறுகளுக்கும் இடையே உள்ள வலுவற்ற இழுவிசை இது; தொலைவு சற்றுக் கூடினாலே மறைந்துவிடும். சமதளச் சுவர் அருகே வரும் மூலக்கூறை அந்த ஒரு சுவர் மட்டும் இழுக்கிறது. மூலக்கூறு நுழையும் அளவே உள்ள இடுக்கில் அகப்பட்டாலோ இரண்டு சுவர்களும் இழுக்கின்றன. எனவே இரண்டு நானோமீட்டருக்கும் குறைவான துளைகளில்தான் பிடி உறுதியாக இருக்கும். ஒரு நானோமீட்டர் என்பது மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பரப்பு வேண்டும், அந்தப் பரப்பு இடுக்குகளாகவும் வேண்டும்.

போர்க்களத்திற்குப் போன கொட்டாங்கச்சி

கரி நிறத்தைப் பிடிக்கும் என்பது புதிய செய்தி அன்று. 1785-இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் லோவிட்ஸ் என்ற வேதியியலார், பழுப்பேறிய டார்டாரிக் அமிலக் கரைசலைக் கரியால் தெளியவைத்தார். நம் ஊரில் ஒன்றன் மேல் ஒன்றாகப் பானைகளை அடுக்கி, மணலும் கரியும் இட்டு நீரை வடித்த முறையைப் பள்ளிப் பாடநூலில் படித்தவர்கள் பலர் இருப்பார்கள். 1900-ஐ ஒட்டி ஆஸ்ட்ரெய்கோ என்பவர், கரியை நீராவியாலும் கரியமிலவாயுவாலும் தாக்கி அதன் திறனைப் பன்மடங்கு பெருக்கும் முறைகளுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய தொழில் அங்கிருந்து தொடங்குகிறது.

இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு இந்த வரலாற்றில் பிடித்தவர் ஜேம்ஸ் டூவர். நாம் காபி ஊற்றி வைக்கும் வெற்றிடக் குடுவை அவர் கண்டுபிடிப்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் தேங்காய் ஓட்டுக் கரியைத் திரவக் காற்றால் குளிரவைத்து, ஒரு கலத்தோடு இணைத்தார். கலத்தில் மிஞ்சியிருந்த காற்றைக் கரி பிடித்துக்கொண்டது. அந்நாளைய பம்புகளால் எட்ட முடியாத வெற்றிடம் கிடைத்தது. எந்தக் கடற்கரைத் தோப்பிலோ விழுந்த தேங்காயின் ஓடு, லண்டன் ஆய்வகத்தில் காற்றை வெளியேற்றும் கருவியாயிற்று.

அடுத்து வந்தது கொடிய தேவை. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ஜெர்மானியப் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. அதே ஆண்டில் ரஷ்யாவில் ஜெலின்ஸ்கி கரி அடைத்த முகமூடியை உருவாக்கினார். 1918-இல் அமெரிக்காவில் பீச் பழக் கொட்டைகளையும் கொட்டை ஓடுகளையும் சேர்த்துத் தருமாறு பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுத்தார்கள். அவற்றைச் சுட்டுக் கரியாக்கி முகமூடிகளில் அடைத்தார்கள். அவற்றுள் தேங்காய் ஓட்டுக் கரி மிகச் சிறந்ததாக விளங்கியது. ஏன் என்பதைச் செய்முறையைப் பார்த்தால் விளங்கும்.

எரிக்காமல் எரிப்பது

முதற்படி கரியாக்கல். கொட்டாங்கச்சியைக் காற்றுப் படாமல் சூடாக்கினால் அதிலுள்ள செல்லுலோசும் லிக்னினும் சிதைந்து, நீராவியாகவும் தாராகவும் எரிவாயுவாகவும் வெளியேறும். நூறு கிலோ ஓட்டில் 25 முதல் 30 கிலோ கரி மிஞ்சும். இதுதான் துணி தேய்ப்பவர் பெட்டியில் இருப்பது. இதிலும் நுண்துளைகள் உண்டு. ஆனால் பல மிகக் குறுகியவை. பல தாரால் அடைபட்டவை.

துளைகள் எப்படி வந்தன? கார்பன் அணுக்கள் அறுகோணத் தாள்களாகச் சேர விரும்புபவை. பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டில் இத்தாள்கள் சீட்டுக்கட்டுபோல் நெருங்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. கரியிலோ சிறு சிறு தாள்கள் கோணல்மாணலாக ஒன்றோடொன்று பிணைந்து நிற்கின்றன, இடையே சந்துகள். எவ்வளவு சூடாக்கினாலும் சிலவகைக் கரிகள் கிராஃபைட் ஆவதில்லை என்பதை எக்ஸ்கதிர் ஆய்வால் 1951-இல் விளக்கியவர் ரோசலிண்ட் பிராங்க்ளின். டி.என்.ஏ. அமைப்பைக் காணத் துணைபுரிந்த புகழ்பெற்ற படத்துக்கு உரியவரும் இவரே. அதற்கு முன்பு நிலக்கரியின் நுண்துளைகளைத்தான் அவர் ஆராய்ந்து வந்தார் என்பது பலருக்குத் தெரியாது.

இரண்டாம் படி கிளர்வூட்டல். அடைபட்ட சந்துகளைத் திறந்து அகலப்படுத்த வேண்டும். அதற்குக் கரியின் ஒரு பகுதியைத் தின்னச் செய்ய வேண்டும். எங்கள் மாணவர்கள் இதைக் கேட்டதும், இரும்புக் குழாயில் கரியை இட்டுக் காற்றை ஊதிச் சூடாக்கிப் பார்த்தார்கள். மாலையில் கிடைத்தது கொஞ்சம் சாம்பலும், உருவில் சிறுத்த பழைய கரியும்தான். மை நீரில் போட்டதில் முன்னேற்றம் ஒன்றும் இல்லை.

தவறு எங்கே? ஆக்சிஜன் பொறுமையற்றது. துளைக்குள் நுழையும் முன்பே குருணையின் வெளிப்புறத்தில் வினைபுரிந்து தீர்ந்துபோகிறது. பன்னிரண்டு கிராம் கார்பன் முழுதும் எரிந்தால் 394 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். அந்த வெப்பம் எரிதலை மேலும் விரைவாக்கும். ஆலையில் காற்றுக்குப் பதில், சுமார் 900 டிகிரி வெப்பநிலையில் நீராவியைச் செலுத்துகிறார்கள். கார்பனும் நீராவியும் சேர்ந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் ஆகின்றன. இது வெப்பம் கொள் வினை. பன்னிரண்டு கிராம் கார்பனுக்கு 131 கிலோஜூல் வெப்பத்தை நாம் கொடுத்தாக வேண்டும். வினை நடக்கும் இடம் தானே குளிர்வதால் வேகம் மட்டுப்படுகிறது. மெதுவாக வினைபுரியும் நீராவி மூலக்கூறுகளுக்கு நுண்துளைகளின் ஆழம் வரை ஊடுருவ நேரம் கிடைக்கிறது. குருணை உருக்குலையாமல் உள்ளே மட்டும் அரிக்கப்படுகிறது. கரையான் மரத்தைத் தின்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். வெளிவரும் இரு வாயுக்களும் எரியக்கூடியவை. அவற்றை எரித்தே உலையைச் சூடாக்குகிறார்கள்.

கரியின் எடையில் ஏறக்குறைய பாதி இப்படித் தின்னப்பட்ட பிறகே நல்ல சரக்கு கிடைக்கும். நூறு கிலோ கொட்டாங்கச்சி, கடைசியில் பத்துப் பதினைந்து கிலோவாகிவிடுகிறது. சந்தையில் மதிப்புப் பெறுவது மிஞ்சிய கார்பன் அன்று; காணாமற்போன கார்பன் விட்டுச்சென்ற ஓட்டைகளே.

எல்லாக் கழிவும் கொட்டாங்கச்சி ஆகாது

வேளாண் கழிவு எதையும் கிளர்வுற்ற கரியாக்கலாம். புளியங்கொட்டை, நிலக்கடலைத் தோல், பருத்தி மாறு, வாழைத் தண்டு என்று நூற்றுக்கணக்கான பொருள்களில் ஆய்வேடுகள் வந்துவிட்டன. என்னிடம் வரும் மாணவர்களும் ஆளுக்கொரு தோலையோ விதையையோ கொண்டுவருகிறார்கள். "பரப்பு எவ்வளவு வந்தது?" என்பதோடு கேள்வி நின்றுவிடுகிறது. சாம்பல் எவ்வளவு, கையில் நசுக்கினால் நொறுங்குமா, ஊர் ஊராகச் சென்று சேர்த்துவர என்ன செலவாகும் என்று யாரும் கேட்பதில்லை.

நெல் உமியைப் பாருங்கள். மலைமலையாகக் கிடைக்கிறது. ஆனால் அதன் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணலின் பொருள். கரியாக்கும்போது மற்றவை வெளியேற, சிலிக்கா அப்படியே தங்கிவிடும். கிடைக்கும் கரியின் எடையில் கிட்டத்தட்டப் பாதி சிலிக்காவே. காரத்தில் கொதிக்கவைத்து அதை நீக்கலாம், செலவுதான் கூடும். கரும்புச் சக்கையோ பஞ்சுபோல் இலேசானது. அதன் கரி நீரோட்டத்தில் பொடிந்துவிடும். மேலும் அது உண்மையில் கழிவே அன்று. சர்க்கரை ஆலையின் கொதிகலன் அதற்காகக் காத்திருக்கிறது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் அதிலிருந்து தாள் செய்கிறார்கள். கழிவு என்று நாம் பெயரிட்ட பலவற்றுக்கு ஏற்கெனவே உரிமையாளர் இருக்கிறார்.

கொட்டாங்கச்சியில் லிக்னின் மிகுதி. சாம்பல் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. கரி கல்போல் கெட்டியானது. கழுவினாலும் குலுக்கினாலும் தேயாது. துளைகளில் பெரும்பாலானவை இரண்டு நானோமீட்டருக்கும் குறைந்தவை. வாயுக்களுக்கும், குடிநீரில் வாடையும் சுவைக்கேடும் தரும் சிறு மூலக்கூறுகளுக்கும் இவை பொருத்தமானவை. 1970-களிலிருந்து பொன் எடுப்பிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். சயனைடுக் கரைசலில் கரைந்த பொன்னைத் தேங்காய் ஓட்டுக் கரி பிடித்துக்கொள்ளும். தேயாத கரியாயிற்றே, பொன் பொடியோடு போய்விடாது. ஆனால் பெரிய நிறமூலக்கூறுகள் இந்தச் சந்துகளில் நுழைய மாட்டா. சர்க்கரைப் பாகு போன்றவற்றை வெளுக்க, மரத்தூளைப் பாஸ்போரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுட்ட, அகன்ற துளையுள்ள கரி மேலானது. துளையின் அளவுக்கேற்ற வேலை.

கரிக்கு முடியாத வேலையும் உண்டு. நீரில் கரைந்த உப்பையும் கடினத்தன்மையையும் அது நீக்காது. தருமபுரிப் பக்கத்து நீரில் உள்ள ஃபுளோரைடுக்குச் சாதாரணக் கிளர்வுற்ற கரி பயன்படாது. கிருமிகளைக் கொல்லாது. குழாய் நீரின் குளோரினை அது நீக்கிவிடுவதால், வடிகட்டிய நீரை நெடுநாள் வைத்தால் கிருமி பெருகவும் கூடும். சாயக்கழிவு நீரில் நிறத்தைக் கரி எடுத்துவிடலாம். உப்பு அப்படியே இருக்கும். 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்ட வழக்கில், நொய்யலைக் கெடுத்தவற்றுள் கண்ணுக்குத் தெரியாத இந்த உப்பும் உண்டு. நீர் தெளிந்துவிட்டதென்றால் தூய்மையாகிவிட்டது என்று எண்ணிவிடக்கூடாது.

இன்னொன்று: கால் ஏக்கர் நிலமும் ஒருநாள் நிரம்பிவிடும். நிரம்பிய கரி வெளியில் பார்த்தால் புதிய கரிபோலவே இருக்கும். வீட்டுக் கருவியில் அதைக் குறித்த காலத்தில் மாற்றச் சொல்வது விற்பனைத் தந்திரம் மட்டுமன்று. பெரிய ஆலைகளில் நிரம்பிய கரியை மீண்டும் உலையிலிட்டு, பிடித்தவற்றை விரட்டிப் புதுப்பிக்கிறார்கள்.

எழுபது கிலோ எங்கே போயிற்று?

முன்பு சொன்ன கணக்கைத் திரும்பப் பார்ப்போம். நூறு கிலோ ஓட்டில் முப்பது கிலோ கரி என்றால், மற்ற எழுபது கிலோ என்ன ஆயிற்று?

காங்கேயம், தாராபுரம் பக்கம் போனவர்கள் அதைப் பார்த்திருக்கலாம், முகர்ந்தும் இருக்கலாம். அங்கே கொட்டாங்கச்சியைத் தொட்டி என்பார்கள், கரி தொட்டிக்கரி. தரையில் குழி வெட்டி, தொட்டிகளை இட்டுத் தீ மூட்டி, மேலும் மேலும் போட்டு மூடுவார்கள். எழுபது கிலோவும் புகையாகக் காற்றில் போகும். அதில் தார், அசெட்டிக் அமிலம், மெத்தனால், ஃபீனால் வகைகள் எல்லாம் உண்டு. சுட்ட கரியை அணைக்க ஊற்றும் நீர், தாரைச் சுமந்துகொண்டு மண்ணுக்குள் இறங்குகிறது. கிணற்று நீர் பழுப்பாகிவிட்டது, தென்னையே வாடுகிறது என்று உழவர்கள் முறையிட்டதும் போராடியதும் செய்தித்தாள்களில் பலமுறை வந்துள்ளன. நகரத்து வீட்டில் நீரைத் தெளியவைக்கும் பொருளுக்காக ஒரு கிராமத்துக் கிணறு கெடுகிறது. உழவர்களின் முறையீடு நியாயமானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதற்கு விடை தொழிலை மூடுவதன்று.

அந்தப் புகை எரிபொருள். நீராவி போக எஞ்சிய தாரும் வாயுக்களும், மூடிய உலையில் போதிய காற்றோடு நன்கு எரியவிட்டால், பெரும்பாலும் கரியமிலவாயுவும் நீருமாக முடிந்துவிடும்; வாடை போய்விடும். தொடக்கத்தில் மட்டும் வெளியிலிருந்து தீ வேண்டும். உலை சூடேறிய பிறகு தன் புகையைக்கொண்டே தன்னைச் சுட்டுக்கொள்ளும். மிஞ்சும் வெப்பத்தில் கொப்பரை உலர்த்தலாம், கொதிகலன் ஓட்டலாம், மின்சாரமும் எடுக்கலாம். இலங்கையில் சிரட்டைக் கரி உலையின் வாயுவிலிருந்து மின்சாரம் எடுத்திருக்கிறார்கள். கரியை நீர் ஊற்றி அணைக்காமல், மூடிய இரும்புக் கலத்தில் காற்றடைத்து ஆறவிட்டால் பழுப்பு நீர் என்ற பேச்சே எழாது. குழிக்குச் செலவில்லை, உலைக்கு முதல் வேண்டும். சிறு கரிவியாபாரி தயங்குவது அங்கேதான். பல குழிக்காரர்கள் சேர்ந்து ஒரு பொது உலை வைத்துக்கொள்ள முடியுமா, அதற்கு வங்கி கடன் தருமா என்பவை இயற்பியலுக்கு வெளியே உள்ள கேள்விகள். உலையின் வெப்பக் கணக்கை மட்டும் இந்த ஆண்டு இறுதியாண்டு மாணவர்கள் இருவருக்குச் செயல்திட்டமாகக் கொடுத்திருக்கிறேன். தேவையான தொட்டிகளை, வழக்கம்போல, துணி தேய்ப்பவர் சொன்ன கடையில்தான் வாங்கினார்கள்.